மூடிய கடைக்கு ஒரு பாராட்டுரை

1

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு முற்பகல் தொலைபேசி அழைத்தது. பேசியவர் இளைஞர். பெயர் நிரோசன் என்றும் நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் ஸ்காபரோப் பகுதியில் இயங்கும் வணிகர் அமைப்பொன்றின் அலுவலர் என்றும் சொன்னார். பெருந்தொற்றுக் காலப் பொதுமுடக்கம் தொடங்கி ஐந்தாண்டுகள் நிறைவுறுவதை முன்னிட்டு, அந்த இடரிலும் மூடாது நின்ற சிறுகடைக்காரர்களுக்கு விழா எடுக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் தாய்மொழியில் ஒரு பாராட்டுரை வாசிக்கப்படுமாம். தமிழில் எழுதித் தர என்னை நாடியிருக்கிறார்கள். யாருக்கு என்று கேட்டேன்.

"ஜெசிந்தா அன்ரிக்கு, ஐயா. வெக்ஸ்போர்ட்டிலை சாறிக் கடை வச்சிருக்கிறா. உங்களுக்கு நல்லாத் தெரியுமெண்டு சொல்லிச்சினம்."

நன்றாகத் தெரியும். அந்தக் கடை மூடப்பட்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதும் தெரியும்.

எவ்வாறு தெரிவு செய்தீர்கள் என்று வினவினேன். வீதி வழியே வாகனத்தில் சென்று பெயர்ப்பலகைகளைக் குறித்துக்கொண்டார்களாம். தாயகத்தில் இருந்து இதைப் படிப்போருக்கு ஒரு விளக்கம் தேவை. எம்மவர் 'பிளாசா' என்று அழைப்பது வாகனத் தரிப்பிடத்தை முன்னே கொண்டு ஒரே வரிசையில் அமைந்த கடைகளின் தொகுதி. ஜெசிந்தாவின் கடை இருந்த தொகுதியை இடித்து வானளாவிய குடியிருப்புகள் எழுப்ப அதன் உரிமையாளர் நிறுவனம் எண்ணியிருக்கிறது. இடிக்கப் போகும் கட்டடத்தில் பலகையைக் கழற்ற எவர் செலவழிப்பார்? எனவே கடை போய்விட்டது. பலகை நிற்கிறது. அந்தப் பலகையைக் கண்டு விழா எடுக்கிறார்கள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நிரோசன் இன்னொன்றைச் சொன்னார். பாராட்டுப் பெறுவோருக்கு வெறும் கேடயம் மட்டும் அல்லவாம். அருகில் கட்டி முடிந்த புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் சில கடையறைகளைச் சலுகை வாடகைக்குத் தர ஏற்பாடாகியிருக்கிறது. இடர்க்காலத்தில் மூடாது நின்றோர்க்கே அந்த வாய்ப்பு.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஜெசிந்தாவுக்கு மீண்டும் ஒரு கடை கிடைக்கக்கூடிய ஒரே வழி அது. அதை அடைக்கும் உரிமை எனக்கு இல்லை.

2

ஜெசிந்தா மன்னாரில் பிறந்தவர், கத்தோலிக்கர். கணவர் அன்ரனும் கைக்குழந்தையுமாக இந்நகருக்கு வந்து, அக்காலத்து ஏதிலிகள் பெரும்பாலோரைப் போலச் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில் குடியேறினார். அதே கட்டடத்தில் என் குடும்பமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் அன்று தொட்டு அவருக்கு நான் 'மாஸ்ரர்'.

ஆடைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் தைத்தபின் வெக்ஸ்போர்ட்டில் கடை திறந்தார். முன்புறம் சேலைகள். பின்புறம் தையல் இயந்திரங்கள். மணப்பெண்களின் மேற்சட்டைகளும், பூப்புனித நீராட்டுக்கான பாவாடை தாவணிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக, தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கான முதல் நன்மை பெறும் சிறுமியருக்கான வெண்ணிற உடைகளும் அவரது தனிச்சிறப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்மார் நேரே அங்கு வந்துவிடுவார்கள். அளவெடுப்பது ஒரு மணி நேரம் என்றால் ஊர்க்கதை இரண்டு மணி நேரம். ஒருமுறை நான் அங்கிருக்கையில், சென்ற ஆண்டு தைத்த சட்டை இறுகிவிட்டது என்று ஒருவர் குறைபட்டார்.

"சட்டை இறுகேல்லை, றீற்றா. போன வருசத்து றீற்றாவுக்குத்தான் நான் தச்சனான். இப்ப வந்து நிக்கிறது வேறை ஆள்" என்றார் ஜெசிந்தா. குறைபட்டவரே முதலில் சிரித்தார். பின்பு புதிதாக இரண்டு சட்டைகளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துச் சென்றார்.

அன்ரன் துணி வெட்டினார். அன்ரனின் தமக்கை பொத்தான் தைத்தார். மகள் ஷெரீன் பள்ளி விட்டு வந்து கல்லாவில் நின்றாள். இவர்களில் எவருக்கும் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. சொந்த வீட்டில் உலை வைப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்? நம்மவர் கடைகள் நடந்த முறை அதுதான். பக்கத்தில் சிகை திருத்திய யமேக்கர் டெஸ்மண்டின் கடையும், அதற்கப்பால் இருந்த ஆப்கானியரின் வெதுப்பகமும் அவ்வாறே குடும்பத்தின் கைகளால் நடந்தன. இந்த நாட்டின் ஏடுகளில் இந்த உழைப்புக்குப் பெயரில்லை என்பதை அப்போது நாங்கள் எவரும் அறியவில்லை.

3

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டுப் பங்குனியில் பொதுமுடக்கம் வருகிறது என்ற பேச்சு எழுந்தவுடனேயே, ஆணை பிறக்குமுன்பே, ஜெசிந்தா கடையைச் சாத்திவிட்டார். ஊரடங்கில் வளர்ந்தவர்களின் இயல்பு அது. வானொலி அறிவித்து முடிப்பதற்குள் கதவு அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஏன், எதற்கு, எவ்வளவு காலம் என்ற கேள்விகள் இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. மன்னாரில் அவருடைய தந்தையார் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஊரடங்கு வேளைகளில் முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்தால் அயலவர்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுத்தவர். தொலைபேசியில் கேட்போருக்காவது தைத்துக் கொடுக்கலாமே என்று நான் சொன்னபோது ஜெசிந்தா அதை நினைவூட்டினார்.

"அப்பா பின்படலையாலை வித்தவர், மாஸ்ரர். அது அங்கை. இஞ்சை எங்களுக்கு இருக்க இடம் தந்தவங்கள். இஞ்சை நான் களவாய் ஒண்டும் செய்ய மாட்டன்."

இடம் தந்த நாடு! ஏதிலியாய் வந்தவரின் நெஞ்சில் இந்த நன்றியுணர்வு ஒரு விலங்கைப் போலப் பூட்டப்பட்டிருக்கிறது. சட்டம் சொல்வதற்கு மேலும் ஒரு படி பணிந்து நின்றால்தான் நமக்கு உறக்கம் வருகிறது.

அந்தச் சட்டம் என்ன செய்தது? முதல் முடக்கம் தளர்ந்து, சிறிது மூச்சுவிட்டு, கார்த்திகையில் மீண்டும் முடக்கம் வந்தது. சிறுகடைகளுக்குள் வாடிக்கையாளர் எவரும் கால் வைக்கக் கூடாது. வாசலில் வைத்துப் பொருளைக் கையளிக்கலாம், அவ்வளவே. வீதிக்கு மறுபுறம் ஒரு பேரங்காடி. அங்கு உணவுப் பொருளும் விற்பதால் அது இன்றியமையாத நிறுவனமாயிற்று. மரக்கறி வாங்கப் போனவர்கள் அதே கூரையின் கீழ் படுக்கை விரிப்பும் பாதணியும் குழந்தைகளின் உடைகளும் வாங்கினார்கள். மாசி மாதம் அங்கே ஒரு கம்பியில் சிறுமியர்க்கான வெண்ணிற ஆடைகள் வரிசையாய்த் தொங்கியதை என் கண்ணால் கண்டேன். வரிசையில் நின்ற கூட்டத்தையும் கண்டேன். நூறு பேர் மூச்சுவிடும் மண்டபத்தில் பரவாத நோய், ஒரு தையற்காரியும் ஒரு தாயும் ஒரு சிறுமியும் நிற்கும் அறையில் பரவிவிடும் என்று எந்த அறிவியல் அவர்களுக்குச் சொன்னது? அறிவியல் சொல்லவில்லை. யாருடைய குரல் சட்டமன்றம் வரை எட்டும், யாருடையது எட்டாது என்ற பழைய கணக்கே அதைத் தீர்மானித்தது.

அந்நாள்களில் தொலைக்காட்சியில் அமர்ந்து எங்கள் பகுதியைப் பற்றி வல்லுநர்கள் பேசினார்கள். ஒரே வீட்டில் பலர் வாழ்கிறார்களாம். அதனால் நோய் பரவுகிறதாம். தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் பண்டகசாலையிலும் அந்த வீடுகளின் மக்களைத்தானே வேலைக்கு அழைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எவரும் திருப்பிக் கேட்கவில்லை.

உடை வாசலில் கையளிக்கத்தக்க பொருள் அன்று. அளவெடுக்க வேண்டும், அணிவித்துப் பார்க்க வேண்டும், மடிப்பைப் பிரித்துத் திரும்பவும் தைக்க வேண்டும். அந்த மாசியில் ஒரு தாய் தன் மகளோடு வந்தார். சிறு சிறு குழுக்களாக முதல் நன்மை நடத்தலாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்தாராம். சட்டப்படி உள்ளே விட இயலாது. வாகனத் தரிப்பிடத்தில், உறைபனியில், குளிரங்கிக்கு மேலாகவே ஜெசிந்தா அச்சிறுமியைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தார். குளிரங்கியைக் கழித்துக் கணக்குப் போட முயன்றார். பிள்ளையின் பல் கிட்டியது. தாங்கமாட்டாமல், "உள்ளுக்கு வாம்மா, ரெண்டு நிமிசம்" என்று கதவைத் திறந்துவிட்டார். இந்நாட்டில் அவர் செய்த சட்ட மீறல் அது ஒன்றுதான்.

எவரோ முறையிட்டிருக்கிறார்கள். சில நாள்களில் மாநகர அலுவலர் வந்தார். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்று ஜெசிந்தா சொன்னார். மரியாதையாகத் தண்டச் சீட்டைக் கொடுத்துவிட்டு, வாகனத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தல் வாங்க எதிரேயிருந்த பேரங்காடிக்குள் சென்றார்.

4

தண்டம் விதிக்க ஆள் வந்தது. உதவி செய்ய ஆள் வரவில்லை. உதவி எங்கோ இணையத்தில் இருந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும் பக்கங்களாக இருந்தது. ஊதியத்துக்கு உதவி என்றார்கள். ஊதியப் பதிவு உள்ள கடைகளுக்கு மட்டும்; குடும்பத்தின் கைகளுக்கு அந்தப் பதிவு ஏது? வாடகைக்கு உதவி என்றார்கள். முதலில் கட்டட உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் நிறுவனம் விண்ணப்பிக்கவில்லை. கட்டடத்தை இடிக்க எண்ணியிருப்போருக்குக் கடைக்காரர் தாமாக வெளியேறுவதைக் காட்டிலும் இனியது எது?

எஞ்சியிருந்தது தனிமனிதருக்கான அரச உதவி. அதை ஜெசிந்தா பெற்றிருக்கலாம். பெறவில்லை. இங்குதான், வெளியார் ஒருவருக்கு எளிதில் விளங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் வாழ்ந்த நாள்களில், மின்தூக்கியில் ஏறிய எவருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று இருந்தது. அரசாங்கத்தின் உதவிப்பணம் எடுப்பவர் தாய் தந்தையரை இங்கு அழைக்க முடியாது. அன்று அது பெரும்பாலும் உண்மையே. அதனால் இரண்டு வேலை செய்தார்கள், மூன்று வேலை செய்தார்கள், நோயுற்றும் வேலைக்குப் போனார்கள். உதவிப்பணத்தை மட்டும் தீண்டவில்லை. ஜெசிந்தாவின் தாயாரை அழைப்பதற்கான விண்ணப்பம் பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அப்போதுதான் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டிருந்தது.

"அந்தக் காசிலை கை வச்சா அம்மான்ரை கேஸ் அடிபட்டுப் போகும், மாஸ்ரர்" என்றார். "கடை போனா இன்னொரு கடை போடலாம். அம்மா ஒராள்தான்."

தவறான அச்சம். பெருந்தொற்றுக் கால உதவி அந்த வகையில் சேராது என்று பின்னர், மிகவும் பின்னர், ஷெரீன் தேடிக் கண்டுபிடித்தாள். ஆனால் அந்த அச்சத்தை அவர் மனத்தில் விதைத்தது இந்த நாட்டின் சட்டம்தான். முப்பது ஆண்டுகள் அச்சுறுத்திக் கீழ்ப்படியப் பழக்கிவிட்டு, ஒரு நாள் காலையில் இப்போது அஞ்சத் தேவையில்லை என்பதை மட்டும் இணையத்தில் எழுதி வைத்தார்கள். எங்கள் கோவில்களும் தேவாலயங்களும் தமிழ் வானொலிகளும் எங்கிருக்கின்றன என்பது தேர்தல் காலத்தில் அவர்கள் அனைவருக்கும் தெரிகிறது.

அடுத்த கோடையில் ஒரு நாள் கடைக் கதவின் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. கண்ணாடியில் வாடகை நிலுவை பற்றிய ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. இயந்திரங்களையும் துணிகளையும் எடுக்க ஒரு பிற்பகல் அனுமதித்தார்கள். டெஸ்மண்டும் தம் கடையை அதே மாதம் இழந்தவர். தம் சுமையுந்தைக் கொண்டுவந்து அவர்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கினார்.

பின்பு ஜெசிந்தா வேலை தேடினார். கிடைத்த இடம் எதிரேயிருந்த பேரங்காடி. தைக்கத் தெரிந்தவர் என்பதால் ஆடைப் பகுதியில் விட்டார்கள். வெண்ணிற ஆடைகளை மாசி மாதத்தில் கம்பியில் கொளுவுவது இப்போது அவர் பணி.

தாயாரும் வந்து சேர்ந்தார். இத்தனை ஆண்டுகளாய்த் தொலைபேசிப் படங்களில் பார்த்த கடையைக் காட்டுமாறு முதல் வாரமே கேட்டாராம். அன்ரன் அவரை வாகனத்தில் அழைத்துச் சென்று எதிரே நிறுத்தினார். முதியவர் வாகனக் கண்ணாடி வழியாகப் பெயர்ப்பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நல்ல பெரிய எழுத்து" என்றார்.

5

நிரோசன் சொன்ன செய்தியை ஜெசிந்தாவின் வீட்டில் வைத்துத்தான் சொன்னேன். பாராட்டுப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தார். சலுகை வாடகையில் கடையறை என்றபோது சிரிப்பு நின்றது. எந்த இடத்தில், எவ்வளவு அகலம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினார். அவருடைய கைகள் தம்மையறியாமல் மேசைமேல் எதையோ மடித்துக்கொண்டிருந்தன. இயந்திரங்கள் நிலவறையில் மூடிக்கிடக்கின்றன, எண்ணெய் விட்டால் ஓடும் என்றார். அவர் எவ்வளவு விரும்புகிறார் என்பதை அன்றுதான் முழுதும் உணர்ந்தேன்.

ஷெரீன் இப்போது மில்லிக்கனில் தனிக்குடித்தனம். அன்று அங்கே வந்திருந்த அவளுக்கு இதில் ஆராய எதுவும் இல்லை. "தே ஓ யூ, அம்மா. அவங்கள் செய்ததுக்கு உது காணாது. சும்மா போய்ச் சிரிச்சுக்கொண்டு வாங்குங்கோ. ஆர் கேக்கப் போறான்?"

அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் என்கிறாள். அதை மறுக்க என்னால் இயலவில்லை. ஏமாற்றியவரிடம் மறைப்பது ஏமாற்று ஆகுமா என்று நானும் எனக்குள் வழக்காடினேன். பொய்யும் இல்லாத, உண்மையும் இல்லாத ஒரு பாராட்டுரையை எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அவர்கள் அனுப்பிய மாதிரியில் ஒரு சொல் வரிக்கு வரி வந்தது. மீள்திறன் என்று அதைத் தமிழாக்கலாம். அடித்தவன் தன் கையைத் தடவிக்கொண்டு, அடி வாங்கியவனின் முதுகு எவ்வளவு உறுதி என்று வியப்பதற்கு இந்நாட்டு அலுவலகங்கள் கண்டுபிடித்த சொல் அது. இதுவரை எத்தனையோ கடினமான சொற்களுக்குத் தமிழ் கண்டிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதிய உடனே கோடிட்டு அழித்தேன்.

ஜெசிந்தா எந்த முடிவும் சொல்லவில்லை. விழாவுக்காக அவர்கள் படம் எடுக்க வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

6

சித்திரையில் ஒரு வியாழன் முற்பகல், பழைய கடையின் முன்னே படம் எடுக்க ஒழுங்கு செய்தார்கள். நிரோசனும் ஒரு படப்பிடிப்பாளரும் வந்திருந்தார்கள். இந்நாட்டில் பிறந்த, நல்ல குணமுள்ள பிள்ளை நிரோசன். என்னைக் கண்டதும் கைகூப்பினார். ஜெசிந்தா வீதியைக் கடந்து வந்தார். பேரங்காடியின் சீருடையில், மார்பில் பெயரட்டையோடு வந்தார். குளிர் இருந்தும் மேலங்கி அணியவில்லை.

நிரோசன் சற்றுத் தடுமாறினார். பகுதிநேர வேலையும் செய்கிறீர்களா என்று கேட்டார். ஜெசிந்தா புன்னகைத்தார். வெளியே வெளிச்சம் போதாது, கடைக்குள்ளே தையல் இயந்திரத்தின் முன்னால் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று படப்பிடிப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அன்ரி, கதவைத் திறவுங்கோ. ஜஸ்ட் ஒரு படம், உள்ளுக்கு எடுப்பம்" என்றார் நிரோசன்.

"திறப்பு என்னட்டை இல்லை, தம்பி."

"வீட்டிலை விட்டிட்டு வந்திட்டீங்களோ?"

"இல்லை. பூட்டை மாத்திப் போட்டாங்கள். இது மூடி நாலு வருசம். கண்ணாடிக்குள்ளாலை எட்டிப் பாரும்."

அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே வெறுந்தரையும் அறுந்து தொங்கிய மின்கம்பியும் இருந்தன. திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு தாழ்ந்த குரலில், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, தாம் எதையும் பார்க்கவில்லை என்றும், வெளியிலேயே ஒரு படத்தை எடுத்துவிடலாம் என்றும், இதைச் சொல்லாவிட்டால் கடையறை கிடைக்கும் என்றும் கூறினார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார்.

ஜெசிந்தா அவருடைய தோளில் கை வைத்தார்.

"கடை எனக்கு வேணும், தம்பி. வேண்டாமெண்டு சொல்ல நான் வரேல்லை. ஆனா மூடாமல் நிண்டவள் எண்டு வாங்க மாட்டன். என்னை மூடப் பண்ணினவை எண்டு எழுதும். அதாலைதான் தாறம் எண்டு எழுதிப்போட்டுத் தாங்கோ."

"அப்பிடி ஒரு பிரிவு இல்லை, அன்ரி. மூடாத ஆக்களுக்கு மட்டும்தான்."

"அப்ப உந்தப் பலகைக்குக் குடுங்கோவன். மூடாமல் நிண்டது உது ஒண்டுதான்."

படப்பிடிப்பாளருக்கு மொழி புரியவில்லை. ஆயினும் படப்பெட்டியை இறக்கிவிட்டார். ஜெசிந்தாவின் குரல் உயரவில்லை. வாழ்நாள் முழுதும் அலுவலர் எவரிடமும் அவர் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் இம்முறை அவர் நகரவும் இல்லை. பக்கத்துக் கடைகளைச் சுட்டிக் காட்டினார். இது டெஸ்மண்டினுடையது, அவரையும் எழுதும். அந்த மூலையில் பிலிப்பினோப் பெண்ணொருத்தி உணவுக்கடை வைத்திருந்தாள், அவளையும் எழுதும். எதிரே இருப்பதை மட்டும் எழுதாதையும், அது ஒரு நாளும் மூடவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இடைவேளை முடிந்துவிட்டது, தாமதித்தால் ஏச்சு விழும் என்று வீதியைக் கடந்து போனார்.

நான் எழுதியிருந்த பாராட்டுரையை நிரோசன் கேட்டார். கொடுக்கவில்லை. ஜெசிந்தா சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். அன்று மாலையே எழுதி அனுப்பினேன்.

7

மூன்று கிழமைக்குப் பின் நிரோசன் அழைத்தார். குழுவிடம் தாமே வாதாடியதாகவும், விதிகளை மாற்ற இயலாது என்று அவர்கள் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஜெசிந்தாவின் பெயர் நீக்கப்பட்டது. அந்தக் கடையறை ஒரு கோப்பி நிறுவனத்துக்குப் போயிற்று. நகரெங்கும் கிளைகள் உள்ள நிறுவனம். அதன் கிளை ஒன்றேனும் பெருந்தொற்றில் மூடப்படவில்லை என்பது குழுவினரை மிகவும் கவர்ந்ததாம். வேறொருவருக்குப் பாராட்டுரை எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன். அந்த இளைஞரிடம் கடிந்து பேச எனக்கு மனமில்லை. கடிந்துகொள்ள வேண்டியவர்கள் தொலைபேசி எடுப்பதில்லை.

செய்தியை நேரில் சொல்வதே முறை என்று பேரங்காடிக்குச் சென்றேன். சிறுவர் ஆடைப் பகுதியில் ஜெசிந்தா நின்றார். எவரோ கலைத்துப் போட்ட குவியலை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"கோப்பிக் கடையோ?" என்றார். கையிலிருந்த சிறு சட்டையின் தையலைத் திருப்பிப் பார்த்து, நூல் பிரிந்திருந்ததைக் கண்டு, அதைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

"அந்தக் கட்டடத்திலை இன்னும் அறையள் வெறுமையாய்க் கிடக்குதோ, மாஸ்ரர்?"

இருக்கலாம், தெரியவில்லை என்றேன்.

"விசாரிச்சுப் பாருங்கோ. டெஸ்மண்டோடையும் கதைச்சனான், அவரும் வாறாராம். திருப்பியும் போய்க் கேப்பம். மூடின ஆக்கள் எண்டுதான் கேப்பம்."